துண்டாட்டம்: கொங்கு நாட்டில் ஆறு நாள்

நாள் 1: ஆனைமலை

குரும்பை தலையில் விழுந்தால் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று காலை மாமனார் தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். ராத்திரி ரயிலில் கோவை வந்து, அங்கிருந்து பொள்ளாச்சி வழியாக ஆனைமலை வந்து சேர்ந்த அசதி. கண் செருகும் நேரத்தில் நெற்றியில் ஒன்று இறங்கியது. எலுமிச்சம்பழ அளவுதான். ஆனால் தென்னை உயரத்திலிருந்து வருகிறதே.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தால் ஒன்பது வயது மகள் எதிரே நிற்கிறாள். “ஏம்ப்பா, தோள்ல துண்டு இருக்குதுல்ல? அதுல புடிச்சிருக்கலாம்ல?”

பெற்ற அப்பனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் கேட்டுவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு ஈரிழைத் துண்டின் நாலு முனையையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, அடுத்த குரும்பை எப்போது விழும் என்று மரத்தடியில் அண்ணாந்து நின்றாள். பத்து நிமிடம் நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த ஒன்றை எடுத்து அவர்கள் துண்டில் எறிந்தான். துண்டு விறைத்தது, குரும்பை எகிறி என் பக்கம் வந்தது. நானும் மச்சினனும் இன்னொரு துண்டை விரித்தோம். அவ்வளவுதான், மத்தியானச் சோறு ஆறிப்போனது.

இதற்குத் துண்டாட்டம் என்று பெயர் வைத்தவன் மச்சினன். மகள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் விதிகளை எழுத ஆரம்பித்தாள். இன்றைக்கு மூன்று விதி. ஒரு அணிக்கு இரண்டு பேர், ஒரு துண்டு. குரும்பையைக் கையால் தொடக்கூடாது. இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில்தான் ஆட்டம். குரும்பை எதிராளி பக்கத்து மண்ணில் விழுந்தால் ஒரு காய், ஏழு காய் எடுத்தவர் ஜெயித்தவர். சீட்டுப் போட்டு ஜோடி பிரிப்பது, எடுக்கிற காய் ஜோடி இருவர் பெயரிலும் ஏறும்.

சாயங்காலம் மனைவி தலைவலி என்று உள்ளே போய்விட்டாள். ஆள் குறைந்தது. தாவாரத்தில் உட்கார்ந்து சந்தகைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமியாரைப் பேத்தி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். “அமுச்சி, ஒரே ஒரு ஆட்டம்.”

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் குரும்பை வந்ததும் கையை மேலே தூக்கித் துண்டை உதறினோம். பாதி நேரம் அது எங்கள் தலைக்கு மேலேயே ஏறி எங்கள் முதுகிலேயே விழுந்தது. மாமியார் கையைத் தூக்கவே இல்லை. இடுப்பளவில் துண்டைத் தளர்வாகப் பிடித்திருந்தார். குரும்பை விழுந்ததும் துண்டை ஒரு விரற்கடை கீழே இறக்கினார், அது தொட்டில் குழந்தை மாதிரி அடங்கியது. அப்புறம் மணிக்கட்டில் ஒரு சின்ன வெட்டு. குரும்பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், யார் எடுப்பது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற அந்த இடத்தில், பொத்தென்று விழுந்தது. ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் பேரன் தவறவிட்டது.

“எங்க பழகினீங்க அத்தை?” என்று கேட்டேன்.

“மொறத்துல பொடைக்கறதுதானுங்க மாப்ள. கல்லு ஒரு பக்கம், கடலை ஒரு பக்கம். இதுல கல்லு மட்டுந்தான்.”

ராத்திரி சாப்பிடும்போது மாமனார் ஒன்று சொன்னார். தட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் இருந்தன. “நீங்க வெளையாடறது நல்லாத்தான் இருக்குது. ஆனா குரும்பை இத்தனை கீழ கெடந்தா மேல காய் இல்லைன்னு அர்த்தம்.” ஒரு குரும்பையை எடுத்துக் காட்டினார். தொப்பி மாதிரி மூடியிருந்த இதழ்களுக்கு அடியில், நகத்தால் கீறிய மாதிரி பழுப்புக் கோடுகள். சிலந்திப்பேன். வெயிலுக்குக் கொஞ்சம் உதிரும், பேனுக்குக் கொஞ்சம் உதிரும். அதோடு கேரள வாடல் நோய் வேறு. பக்கத்துத் தோப்பில் மஞ்சளடித்த மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பதைக் காலையில் வரும்போதே பார்த்தேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

நாள் 2: ஆனைமலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி ஒரு திருத்தம் சொன்னாள். தலைவலி இல்லையாம். ஆட்டத்துக்குப் பயந்துதான் உள்ளே போனாளாம். குறித்துக்கொண்டேன்.

இன்றைக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் அடிக்கத் தொடங்குகிற காற்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. தென்னோலை எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி நிற்கும். ஆனால் துண்டாட்டத்துக்கு அது பெரிய தொல்லை. துண்டு பாய்மரமாகிவிடுகிறது. கிழக்கே நிற்கிறவனுக்குக் குரும்பை வேகமாக வரும், ஆனால் அவன் வீசியது அவன் காலடியிலேயே விழும். அதனால் மூன்று காய்க்கு ஒருமுறை பக்கம் மாறுவது என்று நாலாவது விதி.

ஐந்தாவது விதிதான் என் தலையில் விழுந்த இடி. காலையில் விளையாடும்போது மகன், “இந்தா வாங்கு!” என்று கத்திக்கொண்டு அமுச்சி பக்கம் வீசினான். மாமியார் துண்டைக் கீழே போட்டுவிட்டார். கோபம் இல்லை. “பெரியவங்களைப் பாத்து வாங்குன்னா என்ன சாமி அர்த்தம்? வாங்குங்கன்னு சொல்லோணும்.”

மகள் உடனே எழுதிவிட்டாள்: வீசுகிறவர் ‘வருதுங்க’ என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் ‘வரட்டுங்க’ என்று சொல்ல வேண்டும். ‘ங்க’ இல்லாவிட்டால் தப்பாட்டம், ஒரு காய் கழியும். ஆட்டத்தின் நடுவில் வருகிற திட்டுக்கும் இது பொருந்தும்.

நான் சென்னைவாசி. பதினான்கு வருடமாக இந்த வீட்டு மாப்பிள்ளை, இன்னும் எனக்கு ‘ங்க’ தானாக வராது. சாதாரணமாகப் பேசும்போதாவது யோசித்துச் சேர்த்துக்கொள்வேன். குரும்பை முகத்துக்கு நேரே வரும்போது எங்கே யோசிப்பது? “வருது!” ஒரு காய் போச்சு. “ஐயோ!” என்றேன். “ஐயோங்க” என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இன்னொரு காய். மச்சினன் மட்டும் கோபத்தின் உச்சியிலும், “கண்ணு என்னங்க பொடனியிலயா இருக்குது?” என்று மரியாதையாகவே திட்டினான். பிறவிக் குணம்.

அப்போதுதான் படல் திறக்கிற சத்தம். பக்கத்துத் தோட்டத்து அம்மா மோர் வாங்க வந்தார். எல்லோரும் துண்டை அப்படியே விட்டுவிட்டு ஆளாளுக்கு “வாங்க”, “வாங்கம்மா”, “வாங்கக்கா”. இந்த ஊரில் வீட்டுக்கு ஆள் வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அந்தப் பேச்சு வரும். ஆக, ஆறாவது விதி: ஒறம்பரை வந்தால் ஆட்டம் நிற்கும், அந்த நேரத்தில் விழுந்த குரும்பை கணக்கில் சேராது.

இதை எழுதிய அரை மணியில் மச்சினன் அதில் ஓட்டை கண்டுபிடித்தான். ஆறுக்கு ஐந்து, தோற்கப் போகிறான். குரும்பை காற்றில் இருக்கிறது. திடீரென்று படல் பக்கம் பார்த்து, “வாங்க மாமா!” என்றான். எல்லோரும் திரும்பினோம். “வாங்க” என்றுகூடச் சொல்லிவிட்டேன். படலில் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாசாணியம்மன் கோயில் இங்கே பக்கம். பதினேழு அடி நீளத்துக்கு அம்மன் படுத்திருக்கிற கோலம். நியாயம் கேட்டு வருகிறவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். நேற்றுப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து அந்த அம்மிச் சத்தம் மகள் மனதில் நின்றிருக்கிறது போல. “அமுச்சி, மாமனுக்கு மொளகாய் அரைக்கலாமா?”

“வாயில போடு சாமி,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் மாமியார். “அது கோழி திருடுபோனா, நகை திருடுபோனா. காய்க்கெல்லாம் அம்மனைக் கூப்பிடக்கூடாது.” அப்புறம் மச்சினனைப் பார்த்து, “நீ ஒழுக்கமா வெளையாடு. இல்லாட்டி அரைச்சாலும் அரைப்பேன்,” என்றார்.

எனக்கென்னவோ அவன் செய்தது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. விதியை அவன்தான் ஒழுங்காகப் படித்திருந்தான்.

நாள் 3: காங்கயம் பக்கம்

கட்டைப்பை நிறையக் குரும்பையோடு கிளம்பினோம். உடுமலை தாண்டித் தாராபுரம் சாலை பிடித்ததும் தென்னை மெலிந்து காற்றாலைகள் வந்துவிடுகின்றன. மாமனார் வாய்க்காலைக் காட்டிக்கொண்டே வந்தார். பி.ஏ.பி. என்று இங்கே எல்லோரும் சொல்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். மேற்கே ஓட வேண்டிய மலைத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிக் காங்கயம் வரை கொண்டுவந்தது. “தண்ணிக்கே வழி மாத்திவுட்டாங்க. உங்க குரும்பை காத்துல போறது பெருசா?”

மகன் பின்சீட்டில் போனில் மூழ்கியிருந்தான். திடீரென்று தலையைத் தூக்கி, “அப்பா, கூடைப்பந்தை ஒருத்தரே உக்காந்து கண்டுபுடிச்சாராம்,” என்றான். ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் பையன்களை அரங்குக்குள்ளேயே ஓட வைக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று பீச் பழக் கூடை இரண்டை ஆணியடித்து மாட்டினார். 13 விதி எழுதினார். முதல் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர், ஒரே ஒரு கூடைதான் விழுந்தது. கூடைக்கு அடியில் ஓட்டை இல்லாததால் ஒவ்வொரு முறையும் மேலே ஏறிப் பந்தை எடுக்க வேண்டும்.

“நம்மகிட்ட ஆறு விதிதான் இருக்கு,” என்று மகள் கவலைப்பட்டாள்.

அடுத்ததாக அவன் பின்லாந்துக்குப் போனான். சொங்காயார்வி என்ற ஊரில் 1992 முதல் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் உலகப் போட்டி. 253.5 மீட்டர். ஜெயித்தால் மனைவியின் எடைக்கு எடை பீர். வண்டிக்குள் கொஞ்ச நேரம் அமைதி. மாமனார் மெதுவாகத் திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எடைக்கு எடை வெல்லம்னா யோசிக்கலாம்,” என்றார் மாமனார்.

மாமியார் பிறந்த ஊர் காங்கயத்துக்குக் கிழக்கே. இட்டேரிக்குள் வண்டி நுழைந்ததும் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கண்ணாடியை உரசியது. வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு. தோப்பிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் வெறும் பொட்டல் மாதிரி தெரியும். கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரமும். ஆனால் மேய்ச்சலுக்கென்றே கட்டிக் காக்கிற நிலம் இது. காங்கயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில். காளைகள் மயிலை என்கிற சாம்பல் நிறத்தில், கழுத்தும் திமிலும் கறுத்து, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நின்றன.

அப்படிப்பட்ட மாடுகளைப் பூட்டித்தான் இந்தப் பக்கம் ரேக்ளா ஓட்டுகிறார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம். மச்சினன் பைத்தியமாகப் பார்ப்பான். உயரத் தூக்கி வீசுகிற அவன் வீச்சுக்கும் ரேக்ளா என்றே பெயர். தூக்கிப் போட்டுவிட்டு, “ஹேய்! ஹேய்!” என்று மாடு விரட்டுவான். “ஹேய்ங்க” என்று சொல்லாததற்கு இன்றைக்கு இரண்டு காய் போனது. எனக்குப் பரம திருப்தி.

மாமியாருக்குச் சொந்த மண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினார். அவர் அண்ணன் மகன்கள் இரண்டு பேர், வண்டி ஓட்டுகிற வாட்டசாட்டமான பையன்கள், எதிரணி. “அத்தைக்கு விட்டுக்குடுத்து ஆடலாம்ரா,” என்று பேசிக்கொண்டது எனக்கே கேட்டது. ஏழுக்குப் பூஜ்யம். அடுத்த ஆட்டம் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். ஏழுக்கு ஒன்று. அதில் பெரியவன் மூச்சு வாங்கிக்கொண்டு, “அத்தை எங்க போடுவாங்கன்னே தெரியலைங்க, பார்க்கறது ஒரு பக்கம், வீசறது ஒரு பக்கம்,” என்றான். உண்மை. நான் மூன்று நாளாகக் கவனிக்கிறேன், மாமியார் குரும்பையைப் பார்ப்பதே இல்லை. எதிராளியின் காலைப் பார்க்கிறார். எடை எந்தக் காலில் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போடுகிறார்.

இரண்டாவது ஆட்டம் முடியும் நேரத்தில்தான் கன்றுக்குட்டி வந்தது. நாலு மாதக் கன்று, செம்பழுப்பு. என் துண்டில் விழுந்து எகிறாமல் கிடந்த குரும்பையைத் தலையை நீட்டி முகர்ந்தது, நாக்கால் சுழற்றியது, வாயில் போட்டுக்கொண்டது. அப்புறம் துண்டின் முனையையும் சேர்த்து மெல்ல ஆரம்பித்தது. நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, கடைசியில் கன்றுதான் ஜெயித்தது. துண்டில் ஒரு சாண் ஓட்டை.

மகள் தாளை எடுத்தாள். ஏழாவது விதி: கன்னு எடுத்தால் கன்னுக்குக் காய். குரும்பைக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று, ஆக இரண்டு. அப்போதைய நிலவரப்படி நான் கழித்தல் ஏழு. என்னைவிட ஒன்பது காய் முன்னால் ஒரு கன்றுக்குட்டி.

“அடுத்த வருசம் வந்து பழி வாங்கிக்கறேன்,” என்றேன்.

“வந்தா அடையாளம் தெரியாதுங்க மாப்ள,” என்றார் மாமியார். “ஆறு மாசத்துல செவலை போயி மயிலையாயிரும்.”

நாள் 4: சிவன்மலை, சென்னிமலை

சுருக்கமாகத்தான் எழுத முடியும். காரணம் கடைசியில்.

காலையில் சிவன்மலை. இங்கே முருகன் சன்னதியில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் கனவில் வந்து சாமி ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து சொன்னதும் சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, கிடைத்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் வைத்திருக்கிறார்கள். வைத்த பொருளுக்கு அந்த வருடம் ஏற்றமோ இறக்கமோ ஏதோ ஒன்று நடக்கும் என்று பேச்சு. பெட்டிக்கு முன்னால் மகள் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும், நேற்று ராத்திரி தன் கனவில் முருகன் வந்து குரும்பை கேட்டதாகச் சொன்னாள்.

“எப்படி கேட்டாரு கண்ணு?” என்றார் மாமனார்.

“குரும்பை வேணும்னு.”

“வேணுமுங்கன்னு கேக்கலையா? அப்ப அது நம்ம முருகன் இல்லை.”

அப்புறம் சென்னிமலை. அடிவாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் போர்வை. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தார். கட்டம் போட்டது, பூப்போட்டது. “மெத்தைக்குங்களா, மேல போத்தறதுக்குங்களா?” மச்சினன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் சிரிக்கவில்லை. யோசித்து, உள்ளே போய், கொஞ்சம் கனமான ஒன்றை எடுத்து வந்து இரண்டு முனையை என்னிடம் கொடுத்து, இரண்டு முனையை அவர் பிடித்து, மேசையிலிருந்த நூல்கண்டை நடுவில் போட்டு எகிறவிட்டுப் பார்த்தார். “இது தாங்குமுங்க. அந்த மெல்லிசு ரெண்டு நாள்ல நைஞ்சிரும்.” வியாபாரம் என்றால் இதுதான்.

திருப்பூர் குமரன் 1904இல் பிறந்த ஊர் இது. திருப்பூரில் கொடி பிடித்து 1932இல் உயிர் விட்டவர் என்று பாடத்தில் படித்திருந்த மகன், அவர் இந்த நெசவுத் தெருக்காரர் என்று அறிந்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்தான். அந்த அளவுக்குப் பெரிய மரியாதையை நான் அவனிடம் பார்த்ததில்லை.

மலைக்கு 1,320 படி. மேலே சாலையும் இருக்கிறது. நான்தான் வீறாப்பாக, படியில் ஏறலாம் என்றேன். இப்போது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். ஆட்டம் இல்லை.

நாள் 5: பவானி

காவிரியும் பவானியும் சேருகிற கூடுதுறையில் விடிகாலைக் குளியல். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியையும் சேர்த்து மூன்று என்பார்கள். கோயிலில் வில்லியம் காரோ என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 1804இல் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றி மாமனார் கதை சொன்னார். ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே கூப்பிட, அவர் வெளியேறியதும் பங்களா இடிந்து விழுந்ததாம். வந்தது வேதநாயகி அம்மன் என்று உணர்ந்து கட்டில் செய்து கொடுத்தார். உள்ளே போய்க் கும்பிட வழியில்லாததால் மதிலில் துளை போட்டு அதன் வழியாகத் தரிசனம். மகள் அந்தத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “துண்டாட்டத்தை இப்படி ஒளிஞ்சு பாக்கறவங்களுக்கு டிக்கெட் உண்டா?” என்று கேட்டாள். எங்கே போனாலும் அதே நினைப்பு.

நேற்று வாங்கிய சென்னிமலைப் போர்வையில் நாலு பேர் அணி என்று ஆற்றங்கரையில் ஒத்திகை பார்த்தோம். நாலு பேர் பிடித்தால் துண்டாட்டமா, போர்வையாட்டமா என்று ஒரு சண்டை. அது ஓய்வதற்குள் இன்னொரு சண்டை. ஒருவர் முன்னால் போக, ஒருவர் பின்னால் வர, போர்வை ஒரு மூலையில் மடங்கி, குரும்பை மாமனார் காலில் விழுந்தது. இரண்டு பேர் ஒத்துப்போவதே பெரிது, நாலு பேருக்கு வாய்ப்பே இல்லை என்பது மனைவியின் தீர்ப்பு. அவள் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, எல்லா ஆட்டத்துக்கும் தீர்ப்பு மட்டும் சொல்கிறாள்.

பவானிக்கு வந்துவிட்டு ஜமக்காளம் வாங்காமல் போக முடியுமா? 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. தறிக்கூடத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பட்டை பட்டையாக நெய்துகொண்டிருந்தார். முரட்டு நூல். கையை வைத்துப் பார்த்தால் நார் மாதிரி சொரசொரப்பு. சின்னதாக ஒன்று வாங்கி, ராத்திரி விடுதி மொட்டை மாடியில் விரித்துப் பிடித்துக் குரும்பையைப் போட்டோம். தொப். எகிறவில்லை. உதறினோம். ஓரமாக உருண்டு என் காலில் விழுந்தது.

“ஜமக்காளம் வந்தவங்களை உக்கார வெக்கறதுக்குங்க,” என்றார் மாமியார். “அதுல விழுந்தது எந்திரிக்காது.”

உண்மைதான். கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்து நான் எழுந்ததாக எனக்கே ஞாபகம் இல்லை. பத்தரை மணிக்கு விடுதிக்காரர் மேலே வந்து, கீழ் அறைக்காரர்கள் புகார் சொல்வதாகவும், மாடியில் யாராவது தேங்காய் உடைக்கிறார்களா என்றும் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் “வாங்க” என்றோம். பாவம், மனிதருக்கு அப்புறம் கோபப்பட முடியவில்லை.

கட்டைப்பையில் குரும்பைகள் காய்ந்து கறுத்துவிட்டன. மூன்றில் இரண்டு பிளந்து போயிருந்தன. உருப்படியாக ஒன்றே ஒன்று.

நாள் 6: கொடிவேரி

கோபி வழியாகக் கொடிவேரி. பவானி ஆற்றின் குறுக்கே கொங்காள்வான் 1125இல் கட்டிய அணை. அணை என்றால் மேட்டூர் மாதிரி அண்ணாந்து பார்ப்பதில்லை. தாழ்ந்த கல் கட்டு, அதன் மேல் தண்ணீர் வழிந்து படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. தலைக்கு மேல் கொட்டுகிற தண்ணீரில் ஜனம் மொத்தமும் நிற்கிறது. இரண்டு பக்கமும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். ஓட்டி வந்த வழியெல்லாம் பச்சை நெல். அதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். கரையில் மீன் பொரிக்கிற வாசனை. ஆளுக்கு இரண்டு துண்டு என்று தொடங்கி, கணக்கை விட்டுவிட்டோம்.

கடைசி ஆட்டம். கரையோரம் கொஞ்சம் சமதளமான மண். ஒரு பக்கம் மாமியாரும் மகனும். இன்னொரு பக்கம் சீட்டு எனக்கும் மச்சினனுக்கும். மனைவி கரைக்கல்லில் உட்கார்ந்துகொண்டாள். மகள் தாளோடு நடுவில்.

எப்படியென்று தெரியவில்லை, ஆறுக்கு ஆறு வந்துவிட்டது. ‘ங்க’ போடாத தப்பு இன்றைக்கு நான் ஒன்றுகூடச் செய்யவில்லை. சென்னிமலையில் பிடித்த முழங்கால் வலியில் நின்ற இடத்திலேயே நின்றேன், அதனால் என் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று மாமியாரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது என் கணிப்பு. மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

மாமியார் வீசினார். எனக்கும் மச்சினனுக்கும் நடுவில், வழக்கமான இடம். எடுக்க முடியாது. மச்சினன் ஆற்றுப் பக்கம் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்: “வாங்க சித்தப்பா!”

யாரும் திரும்பவில்லை. எல்லோருக்கும் அந்த வேலை பழகிவிட்டது. ஆனால் தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, “வாரனுங்க,” என்றார். “நீங்க எந்தூருங்க தம்பி? அடையாளம் தெரியலைங்களே.”

அப்புறம் இருபது நிமிடம். அவர் சத்தியமங்கலத்துக்காரர். மாமியாரின் ஊரைக் கேட்டார். அந்த ஊரில் அவர் அக்காவைக் கொடுத்திருக்கிறது. அந்த அக்கா வீட்டுக் கிணற்றுக்கும் மாமியார் வீட்டுக் கொறங்காட்டுக்கும் ஒரே இட்டேரி. மச்சினன் வாயைத் திறக்கவில்லை. பொய்க்குக் கூப்பிட்ட சித்தப்பா நிஜமாகவே ஏதோ ஒரு முறையில் சித்தப்பாவாகத்தான் வருகிறார். மீன் வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட்டார். ஆட்டத்தை விளக்கினார்கள், கேட்டார். போகும்போது மச்சினனிடம், “ஒறம்பரை வந்ததால அந்தக் காய் செல்லாதுங்க தம்பி,” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி ஆறுக்கு ஆறு. மச்சினன், “வருதுங்க,” என்றான். நான் என் பக்கத்தை உதறினேன். ஆறு நாளில் முதன்முறையாகக் கையைத் தூக்காமல், மணிக்கட்டால், மொறத்தில் புடைக்கிற மாதிரி. குரும்பை அழகாகப் போனது. மாமியார் தலைக்கு மேல் போனது. கரைக்கல் மேல் உட்கார்ந்திருந்த மனைவி தலைக்கும் மேல் போனது. தண்ணீரில் விழுந்து, ஒருமுறை முங்கி, தலையைக் காட்டி, வழிகிற தண்ணீரோடு கல் கட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. கடைசிக் குரும்பை.

எல்லோரும் மகளைப் பார்த்தோம். அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். ஆற்றைப் பற்றி விதி இல்லை. பென்சிலைக் கடித்தாள். கன்றுக்குட்டி விதியைத் திரும்பப் படித்தாள். பிறகு எழுதினாள்: பவானி ஆறு – 1.

திரும்பும் வழியில் வண்டியில் மொத்தக் கணக்கை வாசித்தாள். அமுச்சி நாற்பத்தியொன்று. மாமன் இருபத்தியாறு. அண்ணன் இருபத்தி நாலு. கன்னுக்குட்டி இரண்டு. பவானி ஆறு ஒன்று. அப்பா கழித்தல் ஒன்று.

“ஆத்துக்கும் கீழயா நான்?” என்றேன். “சரி, நான் ‘ங்க’ சொல்லாதப்ப எல்லாம் காய் கழிச்சியே. ஆறு மட்டும் ‘வரட்டுங்க’ன்னு சொல்லுச்சா?”

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“சொல்லியிருக்கும். தண்ணிச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காதுங்கப்பா.”